வாய்க்கால் தெருவில் இடியாத வீடு

ஒரு பகல் முழுக்க இடிபடக் காத்திருந்து, கடைசியில் இடியாமல் நின்ற வீட்டின் கதை இது. அதைக் காத்தவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்று விதமாகக் காத்தார்கள். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கீழப்பாறைக்குளம் பேரூராட்சியில் லில்லி புஷ்பம் என்றொரு செவிலியர் இருந்தார். ஊரில் பாதிக் குழந்தைகளை முதலில் கையில் ஏந்தியவர் அவர்தான். ஒரு திங்கட்கிழமை காலை, பணிக்குப் போன அவர்மீது, குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த லாரி ஏறியது; அங்கேயே இறந்துபோனார். ஓட்டிய பேச்சிமுத்துவைப் போலீஸ் அன்றே சிறையில் அடைத்தது.

ஆனால் ஊரின் கோபம் அடங்கவில்லை. மூன்று நாள் கடைகள் திறக்கவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாதவர்களைப் போல ஆட்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். வியாழக்கிழமை காலை அந்தக் கோபத்துக்கு ஓர் இலக்கு கிடைத்தது. பேச்சிமுத்துவின் வீடு வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இடி, இன்றைக்கே இடி என்று கூட்டம் பேரூராட்சி அலுவலகத்தைச் சூழ்ந்தது. வீட்டுக்குள் அப்போது இருந்தது பேச்சிமுத்துவின் மனைவி மாரிக்கனியும், எழுந்து நடமாட முடியாத அவன் தாயும்.

பேரூராட்சித் தலைவர் வேலாயுதபெருமாள், மக்கள் கேட்டதை மறுநாளே செய்வேன் என்று சொல்லி வென்றவர். அவர் செயல் அலுவலர் அருள்ஜோதியின் மேசைக்கு வந்தார்.

"உத்தரவுல கையெழுத்துப் போடுங்கம்மா. வெளியே நிக்கிறது என் ஓட்டு."

"முதல்ல நோட்டீஸ் கொடுக்கணும் சார். பதில் சொல்லப் பதினைஞ்சு நாள் கொடுக்கணும். அளந்து பார்க்கணும்."

"லில்லிக்கு யாரும்மா நோட்டீஸ் கொடுத்தா? உயிர் வாழ்ற உரிமை அவளுக்கு அரசமைப்புச் சட்டத்துல இல்லையா?"

அருள்ஜோதியின் இரண்டு பிரசவங்களையும் பார்த்தது லில்லிதான். ஆனாலும் அருள்ஜோதி மெதுவாகச் சொன்னார். "இருக்கு சார். அதைப் பறிச்சவன் ஜெயில்ல இருக்கான். அந்த வீட்டுல இருக்கிற ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்க?"

உங்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்றார் தலைவர். அருள்ஜோதி கோப்பைத் திறந்து, 'நோட்டீஸ் இன்றி இடிக்க எனக்கு அதிகாரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நகலைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பினார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். ஆட்கள் திருவிழாப் பந்தோபஸ்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

தலைவர் காத்திருக்கவில்லை. ஜேசிபி ஓட்டும் சங்கரபாண்டியை வரவழைத்தார். வாய்க்கால் தெருவில் கூட்டம் வழிவிட்டது. "உத்தரவு இருக்காண்ணே?" என்று கேட்டான் சங்கரபாண்டி. "நான் சொல்றதுதாம்ல உத்தரவு" என்றார் தலைவர். அவன் வண்டியைக் கிளப்பி அதன் இரும்புக் கையை உயர்த்தினான். அவன் இருக்கையின் உயரத்திலிருந்து ஜன்னல் வழியே வீட்டுக்குள் தெரிந்தது. கட்டிலில் கிழவி கிடந்தாள். அவளைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டிருந்தாள் மாரிக்கனி. சங்கரபாண்டி இறங்கினான். வண்டியைச் சரிபார்ப்பவனைப் போலக் குனிந்து, இரும்புக் கைக்கு எண்ணெய் போகும் ஹோஸ் குழாயைத் தானே கழற்றிவிட்டான். எண்ணெய் தெருவில் ஓடியது.

"ஹோஸ் போயிருச்சுண்ணே. சாமான் திருநெல்வேலியில இருந்து வரணும்."

கூட்டம் கடப்பாரைகளை எடுத்தது. அப்போது லில்லியின் கணவர் ஞானதுரை வந்தார். தபால் அலுவலக எழுத்தர்; அதிகம் பேசாதவர். அவர் ஒருவன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கியதும், முதல் அடி அவருடையதுதான் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இடிக்கணும்னுதான் எனக்கும் இருக்கு. நான் எந்திரிச்சுப் போற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

பதினோரு மணிக்கு உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழவில்லை. மாரிக்கனி கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவரை இழுத்துப்போட யாருக்கும் கை வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் கலைந்தார்கள்.

எழுதி மறுத்தவர் அருள்ஜோதி. பொய் சொல்லி நிறுத்தியவன் சங்கரபாண்டி. உள்ளே கொதித்துக்கொண்டே வாசலை அடைத்து உட்கார்ந்தவர் ஞானதுரை. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஞானதுரையைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நடுப்பகலில் மனம் மாறி அவர் எழுந்து போயிருந்தால், அந்த வீட்டை இடிப்பது நியாயமாகியிருக்குமா? ஜன்னல் வழியே கிழவி தெரியாமல் இருந்திருந்தால் சங்கரபாண்டி நிறுத்தியிருப்பானா? அந்த இருவரின் மனசும் அன்றைக்கு அப்படி இருந்ததால் வீடு தப்பியது. வீட்டுக்குள் இருந்தது யாராக இருந்தாலும் அருள்ஜோதி அதையேதான் எழுதியிருப்பார். ஆகவே சரி அவர் செய்ததே. ஆனாலும் முழுச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை; அந்தக் காகிதத்தோடு அவர் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் காலை தனியாக நடந்து போய் நோட்டீஸைக் கொடுத்தார். பதினைந்து நாளில் மாரிக்கனி பட்டாவோடு பதில் கொடுத்தாள். அளந்தபோது முன்புறத் தகரச் சார்ப்பு மட்டும் இரண்டடி புறம்போக்கில் இருந்தது. அதைப் பிரித்தார்கள். பார்க்க ஒருவரும் வரவில்லை.