நாலு செகண்ட்

கிராமத்துச் சுகாதார நிலையங்களின் கணினிகளுக்காக இலவசமாக ஒரு லினக்ஸ் இயங்குதளம் செய்துவந்தாள் ஜெசிந்தா. அவளிடம் வேலை கற்க வந்த வரதராஜுலு, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபத்திரண்டு வயது அதிகம்.

மறுநாள் காலை புதிய பதிப்பு வெளியாக வேண்டும். பாக்கி ஒரே கோளாறுதான். ஷட் டவுன் கொடுத்தால் சில கணினிகள் அணைவதில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வரதராஜுலுவுடையது. ஆறு வாரம் மல்லுக்கட்டி மனுஷர் நொந்துபோயிருந்தார். ஏற்கெனவே மூன்று முறை தேதி தள்ளிப்போய், ஊரே சிரித்தாகிவிட்டது.

“வெளியிட்டுருவோம் டீச்சர். அணையலேன்னா பட்டனை அழுத்திப் பிடிக்கட்டும். நாலே செகண்ட்.”

“போன பதிப்புல ஒரு நர்ஸ் அப்படித்தான் அழுத்தினாங்க. அந்த மாசத் தடுப்பூசிப் பதிவு மொத்தமும் போச்சு. லெட்டர் போட்டிருந்தாங்களே.”

“பார்த்தேன். பொறுமையில்லாதவங்களுக்கு நாம என்ன பண்றது?”

ஜெசிந்தா அவருடைய லேப்டாப்பைக் காட்டினாள். அதிலும் அவர்கள் இயங்குதளம்தான்.

“இதைக் கடைசியா எப்ப ஷட் டவுன் பண்ணீங்க சார்?”

அவர் பார்த்தார். நூற்று நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கோளாறைச் சோதிக்க வேறு கணினிகள் இருந்தன; சொந்த லேப்டாப்பை இந்தத் தொழிலில் யாரும் அணைப்பதில்லை, மூடிவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

“இப்ப பண்ணுங்க.”

காலையிலிருந்து எழுதியதைச் சேமித்துவிட்டு ஷட் டவுன் கொடுத்தார். ‘ஒரு வேலை இன்னும் முடியவில்லை’ என்ற வரி திரையில் வந்து நின்றது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஜன்னல்வரை போய் வந்தார். வரி அப்படியே இருந்தது. ஜெசிந்தா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது நிமிஷம், “சனியன்” என்று முனகிக்கொண்டே பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை செத்தது.

மறுபடி உயிர்ப்பித்தபோது கோப்பு இருந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை; சேமித்ததை வட்டில் எழுதும் அந்த ஒரு வேலை முடிவதற்குள் அணைத்திருந்தார்.

“எல்லாம் போச்சு டீச்சர். எவ்வளவு நேரம்தான் பொறுத்திருப்பான் மனுஷன்?”

ஜெசிந்தா மேஜையிலிருந்து அந்த நர்ஸின் கடிதத்தை எடுத்து, அவர் புரட்டாத இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவர்முன் வைத்தாள்.

“அவங்க நாப்பது நிமிஷம் பொறுத்திருந்தாங்க சார். கடைசி பஸ் வந்து நின்னப்பறம்தான் அழுத்தினாங்க.”