எதிர்க்கடையில் கூட்டம்

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் இரண்டு கிழங்குக் கடைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்று வேலப்பன் என்ற முள்ளம்பன்றியின் கடை. மற்றது தங்காயி என்ற பெருச்சாளியின் கடை. அந்தக் காட்டில் காசு கிடையாது. கரடி தேன் கொண்டுவரும், குரங்கு நாவற்பழம் கொண்டுவரும். அதைக் கொடுத்துவிட்டுக் கிழங்கு வாங்கிப் போகும்.

வேலப்பன்தான் முதலில் கடை போட்டவன். கிழங்கும் அவனுடையதுதான் பருமன். ஆனால் கூட்டமெல்லாம் தங்காயி கடையில்!

பொழுது விடிந்தால் அவன் கண் எதிர்க்கடையில்தான். யார் வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள்? அங்கே யாராவது சிரித்தால் இங்கே இவன் முதுகில் முள் சிலிர்க்கும்.

ஒருநாள் மான் அவன் கடைக்கு வந்தது. "அண்ணே, நேற்று வாங்கினதில் ஒரு கிழங்கு அழுகல். மாற்றித் தருவீங்களா?"

"வாங்கும்போது கண் எங்கே போச்சு? விற்றதைத் திரும்ப வாங்க மாட்டேன், போ!"

மான் திரும்பி எதிர்க்கடைக்கு நடந்தது. வேலப்பனுக்கு வயிறு எரிந்தது. "அந்தப் பெருச்சாளி ஏதோ மருந்து வைத்து மயக்குகிறாள்!" என்று மனைவி சிவந்தியிடம் பொருமினான்.

"மருந்தாவது, மாயமாவது! நீங்களும் நாலு வார்த்தை தன்மையாகப் பேசிப் பாருங்களேன்."

"ஓகோ, நீயும் அவள் கட்சியா?"

மறுநாளே அவன் கூவினான்: "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!"

இலவசத்துக்குக் கிழங்கு எங்கிருந்து வந்தது? வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. மழைக்காலத்தில் குளம் பெருகிக் கிழங்கு நிலமெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது பிள்ளைகள் சாப்பிடுவதற்காகச் சிவந்தி சிறுகச் சிறுகச் சேர்த்து மூடி வைத்த குழி அது. வேலப்பன் அவளிடம் சொல்லாமல் அதிலிருந்து அள்ளினான்.

கூட்டம் வந்தது. இலவசத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே தங்காயியிடம் நின்று கதை பேசிவிட்டுப் போனது. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "அவள் பெயரைக் கெடுக்காமல் விடமாட்டேன்!"

தங்காயி குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, நாக்கை அரிக்கும் காட்டுக் கருணையை அவளுடைய கருணைக்கிழங்குக் குவியலில் கலந்துவிட்டான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடுத்த நாள் கரடி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வந்தது. "ஏய் தங்காயி! என்னத்தை விற்றாய்? நாக்கு அரிக்குதே!"

'தொலைந்தாள்!' என்று வேலப்பன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"ஐயோ, கரடியண்ணே! முதலில் இந்தப் புளியங்காயை மெல்லுங்க, அரிப்பு அடங்கும். என் கடைச் சாமான், என் பொறுப்பு. உங்க தேனைத் திருப்பி எடுத்துக்குங்க, வேறு கிழங்கும் தருகிறேன்" என்றாள் தங்காயி. பிறகு அந்தக் குவியல் முழுவதையும் அள்ளிக் குளத்தில் கொட்டினாள்.

கரடியின் கோபம் போன இடம் தெரியவில்லை. "தப்பு நடந்தாலும் அங்கே நியாயம் கிடைக்கும்!" என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. தங்காயி கடையில் கூட்டம் இன்னும் பெருகியது.

மழை வந்தது. குளம் பெருகியது. சிவந்தி குழியைத் திறந்தாள். உள்ளே வெறும் மண்!

"இங்கே இருந்ததெல்லாம் எங்கே?"

இலவசமாக அள்ளிக் கொடுத்ததை வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் கத்தவில்லை. பசியில் சிணுங்கும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, "நம் கடையும் காலி. எதிர்க்கடையில்தான் கிழங்கு இருக்கிறது. போய் வாங்கி வாருங்கள்" என்றாள்.

மிச்சமிருந்த கொஞ்சம் தேனோடு அவன் மழையில் வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர்களைப் பார்த்து அப்போதும் மனம் புழுங்கியது. அவன் முறை வந்தது.

"வாங்கண்ணே! பிள்ளைகள் சுகமா?"

அந்தக் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினான். இல்லை. அதுதான் அவனைச் சுட்டது. "தங்காயி... அந்த அரிக்கிற கிழங்கைப் போட்டது நான்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

தங்காயி கையில் எடுத்த கிழங்கைக் கீழே வைத்தாள். "நான் கொட்டியதில் பாதிக்கு மேல் நல்ல கிழங்கு. என் பிள்ளைகளுக்கும் இது மழைக்காலம்தான்" என்றாள். பிறகு தேனை வாங்கிக்கொண்டு, அதற்கு உரிய கிழங்கை எடுத்து வைத்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அழுகல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

வேலப்பன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.

அடுத்தவர் கடைக் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன், தன் கடைக்கு வந்தவரையும் இழப்பான், தன் வீட்டுச் சேமிப்பையும் இழப்பான்.