பானெட் இல்லாத ஃபியட்

"என்ற கண்ணு என்ற வீட்டுல நிக்க மாட்டேங்குதுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

"எங்க போகுது?" என்று கேட்டார் நளாயினி.

"அடுத்தவங்க போர்டிகோவுக்குங்க."

நளாயினி ஒரு காலத்தில் பந்தயக் கார் ஓட்டியவர். ஒரு போட்டியில் முதலாவதாக வந்து, வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். அதற்குப் பிறகு பந்தயத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கோடு வந்துருச்சு," என்றார்.

இப்போது வடவள்ளியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். கேள்விகளோடு ஆட்கள் வந்தார்கள். சிலர் பதிலோடு திரும்பினார்கள். பலர் கேள்வியை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

சென்னியப்பன் அவரைவிட வயதில் மிக மூத்தவர். பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் தடவை வந்தபோது "அம்மிணி" என்று கூப்பிட்டார். அடுத்த தடவை அது தானாகவே "அம்மா" ஆகிவிட்டது.

"முழுசாச் சொல்லுங்க," என்றார் நளாயினி.

அவர் சொன்னார்.

பொன்னி கார்டன் என்ற லே-அவுட்டில் அவர் வீடு. காலையில் நாலைந்து பேராக நடக்கக் கிளம்புவார்கள். நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். ஒவ்வொரு கேட் முன்னாலும் நின்று உள்ளே நிற்கும் வண்டியைப் பார்ப்பார்கள். டயரைப் பேசுவார்கள், ஷெட்டைப் பேசுவார்கள், சைட் எத்தனை செண்டு, எந்தத் திசை பார்த்தது என்று பேசுவார்கள். கடைசியாக மருதாசலத்தின் கார்னர் சைட்டுக்கு வந்து சேர்வார்கள். மருதாசலம் இரண்டு சைட்டைச் சேர்த்து வாங்கி, வீட்டைச் சின்னதாகவும் ஷெட்டைப் பெரிதாகவும் கட்டியவர். ஷட்டர் பாதி திறந்திருந்தால் அன்றைக்குப் பேச்சு நிற்காது.

"பாத்துட்டு வீட்டுக்கு வருவனுங்க. என்ற வண்டியப் பாப்பனுங்க. அப்பத்தான் வினையே."

"என்ன வண்டி?"

"பழைய ஃபியட்டுங்க. ரிட்டயர் ஆனப்ப வாங்குனது. வாங்கறப்ப நல்லா ஓடுச்சுங்க."

"இப்ப?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"ஒருத்தர் வண்டியில பம்பர் கண்ணாடியாட்டம் மின்னுச்சுங்க. வந்து என்ற பம்பரக் கழட்டுனேன், அதே மாதிரி போடலாம்னு. இன்னொருத்தர் வண்டியில சீட்டு தோலுங்க. வந்து பின்சீட்டக் கழட்டுனேன். மருதாசலண்ணன் வண்டி கலரு இருக்குது பாருங்க, அது கறுப்புமில்ல நீலமுமில்ல. வந்து பானெட்டக் கழட்டிப் பெயிண்டர்ட்டக் குடுத்தேன். அந்தக் கலரு அவருக்கு வரவேயில்லீங்க. நான் பாக்கப் பாக்க என்ற வண்டி கழண்டுக்கிட்டே போகுதுங்கம்மா."

நளாயினி சிரிக்கவில்லை.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"காயலாங்கடைக்காரரு ஞாயித்துக்கெழமை வர்றாருங்க. அவளேதான் வரச்சொல்லீட்டா. 'எனக்குக் காரு வேணும்னு கேக்கலீங்க, வாசல் வேணும்னுதான் கேக்கறேன்'னு சொல்றா. அவ சொல்றதுல தப்பில்லீங்க. இந்தக் கண்ண எப்படிங்கம்மா கட்டிப் போடறது?"

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்," என்றார் நளாயினி.

*

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

போர்டிகோ முழுவதும் ஃபியட் நின்றது. முன்னால் பானெட் இல்லை, பம்பர் இல்லை. எஞ்சின் வெட்டவெளியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வீட்டுக்குள் போக வேண்டுமானால் சுவரோடு ஒட்டி ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

சென்னியப்பனின் மனைவி கருணாம்பாள் அப்படி ஒருக்களித்தபடியே காபியோடு வெளியே வந்தார்.

நளாயினி காபியை வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டு, காரின் பின்கதவைத் திறந்தார். சீட் இல்லாத இடத்தில் வெறும் தகரம்தான் இருந்தது.

"ஒரு பாய் கெடைக்குமா?"

கருணாம்பாள் கோரைப்பாய் கொண்டுவந்தார். நளாயினி அதை விரித்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஆனைகட்டி போகணும்," என்றார்.

சென்னியப்பனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"வண்டி ரெடியில்லீங்களேம்மா."

"நான் வண்டியக் கேக்கல."

"டாக்ஸி வரச்சொல்லட்டுங்களா?"

நளாயினி பாயில் கால்களை மடக்கிக்கொண்டார்.

மத்தியானம் வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கருணாம்பாள் தட்டில் தக்காளிச் சாதம் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"ஏனுங்க தாயி, நீங்களும் இவரோட சேந்துட்டீங்களா?"

"சேரல. உக்காந்திருக்கேன்."

"அவரு பாட்டுக்கு ஊட்டுக்குள்ள டிவி பாத்துட்டு இருக்காருங்க."

"இருக்கட்டும்."

சாயங்காலம் எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாளும் வந்தார். பாயை விரித்தார். உட்கார்ந்தார்.

அன்றைக்கு நடைக்குப் போன சென்னியப்பன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பியிருந்தார். காருக்குள் ஒருத்தர் காத்திருக்கும்போது அடுத்தவர் கேட் முன்னால் நிற்க அவருக்குக் கால் கூசியது.

கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு ஜன்னலருகே குனிந்தார்.

"பெயிண்டர்ட்டப் போயி பானெட்ட வாங்கிட்டு வந்தர்றனுங்க. அந்தக் கலரு இல்லாட்டியும் பரவால்ல."

"அது இல்லாம உருளுமா?"

சென்னியப்பன் யோசித்தார். "உருளுமுங்க."

"பம்பர்?"

"அதில்லாமயும் உருளுமுங்க."

"சரி."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பனியனோடு எஞ்சின் முன்னால் நின்றார். ஃபோர்மேனாக இருந்த காலத்தில் மெஷின் முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி.

பேட்டரியை எடுத்துக்கொண்டு போய்ச் சார்ஜுக்குப் போட்டார். பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றினார். பிளக்குகளைத் துடைத்தார். கருணாம்பாள் வாசலில் நின்று பார்த்தார். துடைப்பதற்குப் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

சாயங்காலம் எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி இருமியது. பிறகு போர்டிகோ அதிரும்படி பிடித்துக்கொண்டது.

"ஓடுது!" என்று கத்தினார் கருணாம்பாள்.

பின்னால் நளாயினி பாயில் நேராக உட்கார்ந்தார். "கெளம்பலாமா?"

சென்னியப்பன் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரை போயிற்று. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"இல்லீங்கம்மா. கெளம்ப முடியாது."

"ஓடுதே."

"பிரேக் புடிக்கலீங்க. பிரேக் இல்லாம நான் எடுக்க மாட்டேன்."

"எனக்கு அவசரம்னா?"

"அவசரம்னாலும் எடுக்க மாட்டனுங்க. நீங்க எறங்கி பஸ்ஸுல போனாலும் சரி."

இரண்டு நாளில் அவர் இவ்வளவு உறுதியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

நளாயினி முதல் முறையாகச் சிரித்தார். பாயைச் சுருட்டினார். "நாளைக்கு வர்றேன்."

*

அடுத்த நாள் சனிக்கிழமை. விடிந்ததும் சென்னியப்பன் நடைக்குப் போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நளாயினி வந்தபோது இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

வாஷர் மாற்றி, ஆயில் ஊற்றி, கருணாம்பாளை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். "மிதி. விடு. மிதி." கடைசியில் மிதி பாதியிலேயே நின்றது. வண்டியைப் போர்டிகோவுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி, பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடித்தது.

"கருணாம்பா, நீயும் வா."

"நானா? இந்தக் கோலத்துலயா?"

"என்ற கோலத்தப் பாத்தியா?"

முகத்தில் கிரீஸ், பனியனெல்லாம் கரி. கருணாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

தெருவில் இறங்கியதும் சென்னியப்பன் தயங்கினார். நேரே போனால் மருதாசலத்தின் கார்னர் சைட். இந்நேரம் நடைக் கூட்டாளிகள் அத்தனை பேரும் அந்த கேட் முன்னால்தான் நிற்பார்கள்.

"பின்னால மண் ரோடு ஒண்ணு இருக்குதுங்கம்மா. அதுல போயிரலாமுங்களா?"

நளாயினி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேளாதவர் போல.

சென்னியப்பன் மூச்சை இழுத்துவிட்டார். ஸ்டியரிங்கை நேராகவே பிடித்தார்.

எல்லோரும் நின்றிருந்தார்கள். வண்டிச் சத்தத்துக்குத் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார். "சென்னியப்பண்ணா, மூஞ்சிய எங்க வெச்சுட்டு வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

அவர்கள் முன்னால் வந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது.

கருணாம்பாள் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். "இந்தக் கோலத்துல வேண்டாம்னு அப்பவே சொன்னனல்லங்க," என்றார் மெதுவாக.

சென்னியப்பன் இறங்கினார். ஷட்டர் அன்றைக்கு முழுவதும் திறந்திருந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. தரை தண்ணீர்போலப் பளபளத்தது. நடுவில், கறுப்புமில்லாத நீலமுமில்லாத அந்த வண்டி. இத்தனை நாள் பாதித் திறப்பில் எட்டிப் பார்த்ததெல்லாம் முழுசாக அங்கே இருந்தது.

அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றினார்.

"பெட்ரோல் வர்ற ஜெட்டுல அடைப்பு," என்றார், யாரும் கேட்காமலே. ஊதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி ஊதினார்.

கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். இன்னொருவர் கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கேட்டைத் திறந்துகொண்டு மருதாசலம் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"தள்ளோணுமுங்களா?"

"ஒரு கை குடுத்தீங்கன்னா போதுமுங்க."

மருதாசலம் வண்டியின் பின்னால் இரண்டு கைகளையும் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். வண்டி உருண்டது. சென்னியப்பன் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல். புகை. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மருதாசலத்தின் சட்டை முழுவதும் கரி. அவர் தட்டிவிடவில்லை. நகரும் வண்டியோடு ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"ஆனைகட்டிக்குங்க."

"எதுக்குங்க?"

சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. "அம்மாவுக்குப் போகணுமாமுங்க."

மருதாசலம் உள்ளே பார்த்தார். பாயில் உட்கார்ந்திருந்த நளாயினி ஓரமாக நகர்ந்து இடம்விட்டார்.

"நானும் வரட்டுங்களா?"

"ஷட்டர் தெறந்து கெடக்குதுங்களே," என்றார் சென்னியப்பன்.

"கெடக்கட்டுமுங்க," என்று சொல்லிக்கொண்டே மருதாசலம் கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

*

தடாகம் தாண்டியது. மாங்கரை தாண்டியது. மலை ஏற்றம் தொடங்கியது.

முதல் வளைவு ஏறியது. அடுத்ததில் மூச்சு வாங்கியது. அதற்கடுத்ததில் ஊர்ந்தது.

"நாலு பேரு பாரம் தாங்காதுங்க," என்றார் சென்னியப்பன். "திரும்பிரலாமுங்களா?"

அவரே கேட்டார். கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டினார்.

"இல்லீங்க. எல்லாரும் எறங்குங்க. ஏறிரும்."

மூவரும் இறங்கினார்கள். சென்னியப்பன் முதல் கியரில் போட்டார். வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில் ஏறியது. கருணாம்பாள் டிரைவர் பக்கத்து ஜன்னலோரமாக நடந்தார். மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார், வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்குக் கொடுக்க. நளாயினி எல்லோருக்கும் கடைசியாக, சாலையோரத்து மரங்களைப் பார்த்தபடி வந்தார்.

மேலே காடு. காற்று ஈரமாக இருந்தது. பானெட் இல்லாததால் எஞ்சினின் ஒவ்வொரு சத்தமும் சென்னியப்பனுக்குத் தனித்தனியாகக் கேட்டது. ஒன்று மாறினால் காலைக் கொஞ்சம் எடுத்தார். மறுபடி சீரானால் கொஞ்சம் அழுத்தினார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

"ஏறு சாமி," என்றார் வண்டியிடம். "ஏறு."

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பெரிய வண்டி ஒன்று, புத்தம் புதிது, வெயிலில் தங்கத்தகடு போல மின்னிக்கொண்டு அவர்களை உரசுவதுபோலக் கடந்து வளைவில் திரும்பியது. மருதாசலம் கல்லோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தார்.

கருணாம்பாள் கைகாட்டினார்.

"ஏனுங்க, எத்தப் பெரிய வண்டி! அது என்ன வண்டிங்க?"

சென்னியப்பன் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"எது?" என்றார்.