நின்ற இடத்தில் ஓடிய வண்டி

இரண்டு பேருக்கு இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டுத் தெருமுனையில் விழி பிதுங்கி நின்ற ஒரு மீன்காரனின் கதை இது. கவனமாகக் கேளுங்கள். கடைசியில் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

உவரிக் கடற்கரையில் அதிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, திசையன்விளைத் தெருக்களில் விற்பவன் பலவேசம். மீன்காரன் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. நாளைக்குச் சாளை கிடைக்குமா என்றால் ஆகட்டும் என்பான். பக்கத்து வீட்டில் நெத்திலி கேட்டால் அதற்கும் ஆகட்டும்தான். வலையில் என்ன விழும் என்று கடலுக்கே தெரியாது. இந்தப் பழக்கம்தான் அவனை மாட்டிவிட்டது.

அவனுடைய வண்டி இனித் தேறாது என்றானபின், சேர்மக்கனி என்ற பெரியவர் வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் போனான். அது அவர் மகன் சுயம்புவின் வண்டி. காற்றாலையில் வேலை பார்த்த சுயம்பு, தினமும் ஆறு மணிக்கு அதில் கிளம்புவான். மஞ்சள் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை.

பலவேசம் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. குளிர்ந்த என்ஜின் லேசில் கிளம்பாது என்பதை மறைக்க, ஆள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது பழைய வண்டி விற்பவர்களின் வழக்கம். கிழவர் நம் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார் என்று நினைத்தான். ஆனாலும் டயர் தேயவில்லை, ஒரே உதையில் வண்டி கிளம்பியது. வாங்கிவிட்டான்.

சேர்மக்கனி அவனைத் தனியே அழைத்தார். "தம்பி, தெனமும் ஆறு மணிக்கு நாந்தான் இத ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன். இந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க வீட்டுக்காரிக்கு எந்திரிக்கவே தெம்பு வரும். இப்ப முட்டு வலி, இன்னைக்கு உதைச்சதே பெரும்பாடாப் போச்சு, இனி முடியாது. நீங்க மீனோட வரும்போது ஆறு மணிக்கு இந்தத் தெரு வழியா ஒரு தடவ போயிருங்க. அவகிட்ட சொல்லிராதிய."

"ஆகட்டும் அண்ணாச்சி."

அவர் ஆர்.சி. புத்தகம் எடுக்க உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பேச்சித்தாய் காபி டம்ளரோடு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். இந்த வண்டிய இந்தத் தெருவுக்குள்ள மட்டும் கொண்டாந்திராதிய. நான் அஞ்சு மணிக்கே முழிச்சிருவேன். சத்தம் நிக்கிற வரைக்கும் போர்வைக்குள்ள வாயப் பொத்திக்கிட்டுக் கெடப்பேன். தெனமும் எம்புள்ள கெளம்பிப் போறான், திரும்பி வரவே மாட்டேங்கான். அவரு மனசு ஆறட்டும்னுதான் மூணு வருசமா நான் பேசாம இருக்கேன். அவருகிட்ட சொல்லிராதிய."

"ஆகட்டும் ஆச்சி."

மறுநாளே உவரி ரோட்டில் பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றது. பெட்டி நிறைய மீன். உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததும், மெக்கானிக் ஜெபஸ்தியானின் பட்டறை வரை தள்ளிக்கொண்டே போனான். வெயில் ஏறிப் பாதி மீன் கெட்டது. வழி முழுக்க வாயில் வந்தபடி கிழவரைத் திட்டினான்.

ஜெபஸ்தியான் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பி, மூச்சுத் திணறி அணைந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியும் அதே கதை. கடைசியில் சைலன்சரைக் கழற்றித் தரையில் தட்டினான். கரி கட்டி கட்டியாகக் கொட்டியது. கிலோமீட்டர் எண்ணையும் டயரையும் ஒருமுறை பார்த்தான்.

"எல, இது ஓடித் தேஞ்ச வண்டி இல்ல. நின்ன எடத்துலயே எரிஞ்ச வண்டி. ரோட்டுக்கே கொண்டுபோவாம தெனமும் ஸ்டார்ட் பண்ணி விட்டா, கரி பூராவும் உள்ளயேதான் அடையும். யாருல இப்படிச் செஞ்சது?"

பலவேசம் குனிந்து அந்தக் கரியைப் பார்த்தான். மூன்று வருஷத்துக் காலைகள் அவன் காலடியில் கொட்டிக் கிடந்தன. அந்த மனுஷனையா இவ்வளவு நேரம் திட்டினோம் என்று தன்னையே நொந்துகொண்டான். போகிற போக்கில் சொன்ன இரண்டு 'ஆகட்டும்'களும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தன.

அன்று மாலைக்குள் வண்டி சரியாயிற்று. அடுத்த நாள் ஆறு மணிக்குச் சற்று முன்னால், மீன் பெட்டியோடு அந்தத் தெருமுனைக்கு வந்தான். சேர்மக்கனி வலிக்கிற காலோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றார். நேற்றும் இப்படித்தான் நின்றிருப்பார். உள்ளே ஒருத்தி போர்வைக்குள் வாயைப் பொத்திக் காத்திருப்பாள். தெருவுக்குள் போனால் அவளுக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. சுற்றிக்கொண்டு போனால் அவருக்குக் கொடுத்தது போயிற்று. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லவும் கூடாது.

சொல்லுங்கள்: பலவேசம் யாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது சரி?

விடை: அவர் சத்தம் வேண்டும் என்றது அவளுக்காக. அவளை வாட்டுவதே அந்தச் சத்தம்தான் என்றபின் அதற்கு அங்கே வேலையில்லை. ஆனால் சத்தம் உள்ளே படுத்திருப்பவளுக்கு என்றால், முட்டு வலிக்காரர் கேட்டில் வந்து நிற்பானேன்? அவர் காத்து நிற்பது வண்டிக்காகத்தான் என்று பலவேசத்துக்குப் புரிந்தது. என்ஜினை அணைத்து, வண்டியை உருட்டிக்கொண்டே தெருவுக்குள் போய் அவர் முன்னால் நிறுத்தினான். சத்தம் எங்கே என்று சேர்மக்கனி கேட்கவே இல்லை. குனிந்து என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சுடும் அண்ணாச்சி, கைய எடுங்க."

"இருக்கட்டும்யா. போயிட்டுத் திரும்பி வந்திருக்குல்லா."

வண்டிச் சத்தம் இல்லாமலே பேச்சித்தாய் எழுந்து, உள்ளே அடுப்படியில் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை.