குட்டியதற்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. நரைத்த தலையைப் பார்த்துத்தான் குருவைத் தேடுவேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் உட்காருங்கள், நடப்பது ஓர் இட்லிக் கடையில்.

கடை பாங்காக்கில் ஒரு சந்துக்குள் இருந்தது. அதன் முதலாளி ஆவுடையப்பன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. மதியக் கூட்டம் கலைந்த பிறகு அங்கே சாப்பிட வருபவர் மாலினி. அப்பா பேராவூரணி, அம்மா தாய்லாந்து. வெளியூர்க்காரர்களுக்கு அந்த நாட்டு மொழியைச் சொல்லித் தருவது அவர் தொழில்.

அன்று ஆவுடையப்பன் சாம்பார் வாளியை மேஜை மேல் வைத்துவிட்டு, மாலினிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தரணும். சாரிங்கிறதுக்கு இந்த ஊர்ப் பாஷையில என்ன?"

"இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. தெரியாதா?"

"நமக்குத் தெரிஞ்சது அடுப்படிப் பாஷைலா. வெங்காயம், உப்பு, சீக்கிரம் ஊத்து. மத்ததுக்கெல்லாம் சாரிதான்."

அது உண்மை. அந்தக் கடையில் உப்பைவிட சாரிதான் அதிகம் செலவானது. வடை தீர்ந்துபோனால் சாரி. தட்டோடு நெரிசலில் நுழைய சாரி. காதில் சரியாக விழாவிட்டால் சாரி. பழகிய வாடிக்கையாளரின் மாமியார் போய்ச் சேர்ந்தாலும், அதே முகத்தோடு அதே சாரி.

மாலினி தண்ணீர் டம்ளரை எடுத்து, அண்ணாச்சியின் மடியில் மெதுவாகக் கவிழ்த்தார்.

"ஐயையோ, என்ன டீச்சர்!"

"கோ தோட்" என்றார் மாலினி. "தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றது."

ஆவுடையப்பன் வேட்டியை உதறிக்கொண்டே எழுந்தார். "கோ தோட். சரி, இது போதும். நான் கிளம்புதேன்."

"உக்காருங்க. எங்க பெரியம்மா தவறிட்டாங்க."

"அடடா! கோ தோட் டீச்சர்."

"ஏன், நீங்களா கொன்னீங்க?"

அண்ணாச்சி ஈர வேட்டியோடு மறுபடி உட்கார்ந்தார்.

"பெரியம்மா நல்லாத்தான் இருக்காங்க. இதுக்கு சியா ஜை. உங்க வருத்தத்துல எனக்கும் வருத்தம்னு சொல்றது. ரவா தோசை இருக்கா?"

"இன்னைக்கு இல்லையே."

"சியா டாய்" என்றார் மாலினி. அவர் முகத்தில் நிஜமான ஏக்கம் தெரிந்தது. "கைக்கு எட்ட வேண்டியது போயிட்டா இதைச் சொல்லணும்."

"ஒரு சாரிக்கு இத்தனையா? இதுல எனக்கு எது வேணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கு என்ன பண்ணினீங்க?"

ஆவுடையப்பன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். தோசைக்கல் சும்மா கிடந்தது.

"பிரசோங்க கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அதுலேர்ந்து அவன் வேலைக்கு வரல."

பிரசோங் அந்தக் கடையின் தோசை மாஸ்டர். தாய்லாந்துக்காரர். முதல் கரண்டி மாவை ஊற்றக் கற்றுக்கொண்டதே அண்ணாச்சியிடம்தான். கடை சாத்தியதும் இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அண்ணாச்சியின் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், நல்லநாள் பெரியநாளில் போன் பேசுகிறார்கள். தினமும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க அவருக்கு இருந்தது பிரசோங் ஒருவர்தான். அவர் வராமல்போனதிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. கல்லில் தோசை ஊற்ற வேறு ஆள் கிடைப்பான், எதிரில் உட்கார ஆள் கிடைக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"சத்தம் போட்டதுக்கா வரல?" என்று கேட்டார் மாலினி.

"போன் போட்டு சாரி, சாரின்னேன். மை பென் ராய்ன்னான். பரவாயில்லன்னுதான அர்த்தம்? ஆனா ஆள் வரல."

"அண்ணாச்சி, என்ன பண்ணினீங்க?"

அவர் வாளியின் கைப்பிடியைத் திருகினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"குட்டிட்டேன் டீச்சர். மண்டையில. கடை நிறைய ஆள் இருக்கும்போது. தோசையைக் கருக விட்டுட்டு எங்கயோ பாத்துக்கிட்டு நின்னான். 'மூளை எங்கல இருக்கு'ன்னு ஒண்ணு வச்சிட்டேன்."

நமக்குக் குட்டு பெரிய விஷயம் இல்லை. வாத்தியார் குட்டுவார், அப்பா குட்டுவார், பிள்ளையார் முன்னால் நின்றால் நமக்கு நாமே குட்டிக்கொள்வோம். அந்த நாட்டில் தலை அப்படியல்ல. வளர்ந்த மனிதனின் தலையை விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் தொடமாட்டார். இது ஆவுடையப்பனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது, கை முந்திக்கொண்டது.

"அவன் ஒண்ணும் சொல்லல டீச்சர். சிரிச்சான். அடுப்ப அணைச்சான். ஏப்ரன கழத்தி மாட்டிட்டுப் போயிட்டான். திட்டியிருந்தா நான் நிம்மதியா இருப்பேன். அந்தச் சிரிப்புதான் என்னைய அரிக்கி."

மாலினி பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினார். வாசலுக்குப் போனார். தெருமுனையில் பூ விற்பவளிடம் மல்லிகைச் சரம் ஒன்று வாங்கிவந்து அண்ணாச்சியின் முன்னால் வைத்தார்.

"இதுக்கு கோ கமா. பெரிய மன்னிப்பு. ஆனா வார்த்தை கடைசியிலதான். முதல்ல தரையில உக்காருங்க."

"தரையிலயா? அவன் எனக்குச் சின்னவன் டீச்சர். என்கிட்ட வேலை பாக்குதவன். நான் போயி அவன் முன்னால..."

"குட்டுறப்போ அவர் உயரம் வசதியா இருந்துச்சா?"

ஆவுடையப்பன் மேஜையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்த ஊர்க்காரர்கள் உட்காருகிறபடி கால்களை ஒரு பக்கமாக மடிக்கச் சொன்னார் மாலினி. முட்டி இரண்டும் முனகின, அண்ணாச்சியும் முனகினார். இரண்டு கையிலும் பூச்சரத்தை ஏந்தி, குனிந்து, "கோ கமா" என்றார்.

"இன்னும் குனியணும்."

"கோ கமா."

"குரல்ல முதலாளி இருக்காரு."

அவர் மூன்றாவது தரம் குனிந்தபோது வாசலில் ஆள் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். பிரசோங்!

வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் பிரசோங். கையில் தட்டு, தட்டில் பூவும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும். தரையில் பூவோடு உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவருக்கு எதிரில், அவரைவிடத் தாழக் குனிந்து உட்கார்ந்தார். தட்டை நீட்டிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அது அடுப்படிப் பாஷை இல்லை. ஆவுடையப்பனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

மாலினி தமிழில் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவர் பிக்குவாகப் போறாரு. மழைக்காலம் முடியிற வரைக்கும். இறந்துபோன அம்மாவுக்காக. போறதுக்கு முன்னால பெரியவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும், அது இங்க வழக்கம். உடம்பால, வாக்கால, மனசால உங்களுக்கு ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிக்கணுமாம். அன்னைக்கே இதை உங்ககிட்ட சொல்லத்தான் நேரம் பாத்துக்கிட்டு நின்னாராம். அம்மா ஞாபகத்துல தோசை கருகிடுச்சாம்."

ஆவுடையப்பன் கையில் பூச்சரம். பிரசோங் கையில் தட்டு. இரண்டு பேரும் நீட்டிக்கொண்டிருந்தார்கள், வாங்குவதற்கு யாருக்கும் கை இல்லை.

"நீ எதுக்குல கேக்குத? நான்லா கேக்கணும்!" அண்ணாச்சி வாயிலிருந்து படித்த அத்தனையும் ஒன்றாகக் கொட்டியது. "கோ கமா பிரசோங்கு. கோ தோட். சியா ஜை. சியா டாய்..."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் பிரசோங் சிரித்துவிட்டார். வேறு சிரிப்பு அது, கண்வரைக்கும் போனது.

"சியா டாய் எதுக்கு அண்ணாச்சி? மழை முடிஞ்சதும் திரும்பி வந்துடுவேன்" என்றார், தமிழும் கலந்து இருவரும் பேசிப் பழகிய அடுப்படிப் பாஷையில்.

"வருவியா? நெசமா வருவியா?"

"வருவேன். அன்னைக்கு வலிச்சது அண்ணாச்சி. ரொம்ப வலிச்சது. மனசுக்குள்ள உங்களை நல்லாத் திட்டினேன். அன்னைக்கு மட்டும் இல்ல, முன்னாடியும் நிறையத் திட்டியிருக்கேன். அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தட்டு."

ஆவுடையப்பன் அழுதுகொண்டே சிரித்தார். பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கி எங்கோ உருண்டு போனது.

பிரசோங் தட்டை மடியில் வைத்தார். பூச்சரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அஹோசி ஹை" என்றார். மாலினி அதை மொழிபெயர்க்கவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை, அவருக்கு அந்த முகமே போதுமாக இருந்தது.

"சனிக்கிழமை எனக்கு முடி எடுக்கிறாங்க" என்றார் பிரசோங். "மழிக்கிறதுக்கு முன்னால பெரியவங்க ஆளுக்கு ஒரு கத்தை வெட்டணும். எனக்கு அப்பா இல்ல. முதல்ல அண்ணாச்சிதான் கை வைக்கணும்."

"என் கையா? அந்தத் தலையிலயா?"

"முடி அங்கதானே இருக்கு அண்ணாச்சி."

மாலினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். குருவாக இருந்தாலும் மனுஷிதானே.

"எந்திரில" என்றார் ஆவுடையப்பன், மேல்துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு. "காப்பி குடிப்போம். நானே கல்லுல நின்னு உனக்கு ஒரு தோசை ஊத்துதேன்."

பிரசோங் எழவில்லை. தட்டை மறுபடி கையில் எடுத்து, முன்னைவிட உயர்த்திப் பிடித்தார்.

"என்ன டீச்சர், எந்திரிக்க மாட்டேங்கான்?"

"அவர் உங்ககிட்ட ஒண்ணு கேட்டாரு. நீங்க இன்னும் பதில் சொல்லல."

"என்ன சொல்லணும்?"

"மன்னிச்சேன்னு சொல்லணும்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். படித்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. பதறிப்போய் மாலினி பக்கம் திரும்பினார்.

"டீச்சர், கேக்கதுக்கு இத்தனை வார்த்தை சொல்லித் தந்தியளே! குடுக்கதுக்கு ஒண்ணுகூடச் சொல்லித் தரலியே!"

"அதை நான் சொல்லித் தர முடியாது அண்ணாச்சி" என்றார் மாலினி. "இப்பத்தானே, பூவை வாங்குறப்போ, அவர் உங்களுக்குக் குடுத்தாரு."