நீரோட்டத்தைக் கட்டச் சொன்ன பவளாயி

முன்னொரு காலத்தில், கடல் இன்னும் இளசாக இருந்தபோது, சங்குத்துறை ராஜ்யத்தில் பவளாயி என்றொரு மீன்காரி இருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கடலில் நீரோட்டம் பலம். பவளாயி விரித்த வலையை இழுத்துப் போய்ப் பாறையில் மாட்டிக் கிழித்தது, தைத்தாள். மறுபடி கிழித்தது, மறுபடி தைத்தாள். மூன்றாம் முறை கிழித்ததும், படகை எடுத்துக்கொண்டு நேரே எதிர்த்தீவுக்குப் போனாள். அங்கே இருந்தவன் மந்திரவாதி சுழியப்பன்.

“சாமி, இந்த நீரோட்டத்தைக் கட்டிப் போடுங்க!”

“கட்டிட்டாப் போச்சு” என்று கொட்டாவி விட்டான் சுழியப்பன். நூறு வருஷமாய்த் தூக்கம் வராத ஆசாமி. ஊஞ்சலாட்டிவிட அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மந்திரம் சொன்னான், நீரோட்டம் சுருண்டு ஒரு குடத்துக்குள் போனது. குடத்தை ஊஞ்சலடியில் வைத்தான். ஊஞ்சல் தானாக ஆடியது. அப்படியும் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கடல் குளம்போலக் கிடந்தது. வலை கிழியவில்லை. ஊரே பவளாயியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆனால் வருஷம் ஒன்று போவதற்குள் வலையில் மீனே இல்லை. அடுப்புகள் அணைந்தன. ஜனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

ஒருநாள் காலை, ஒரேயொரு மடவை மீன் வலையில் விழுந்தது. அது வாய் திறந்து பேசியது.

“என்னைத் தின்னுக்கோ தாயி. ஆனா என் பிள்ளைங்களக் காப்பாத்து. நடுக்கடல்ல பொரிஞ்சு கிடக்குதுங்க. கடுகளவு உடம்பு, நீந்தத் தெம்பில்ல. நீரோட்டந்தான் தூக்கிட்டு வந்து கழிமுகத்துல விடும். அங்கதான் அதுங்களுக்கு இரை. இன்னும் மூணு நாள்தான் தாங்கும்.”

“அய்யோ, பாவி நாந்தானே கட்டச் சொன்னேன்!” என்று பவளாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் மடவையைக் கடலில் விட்டுவிட்டுத் தீவுக்கு விரைந்தாள்.

சுழியப்பன் சிரித்தான். விரலைச் சொடுக்கினான். ஒரே மாதிரி மூன்று குடங்கள் வந்து நின்றன. மூன்றிலும் தண்ணீர் அசையாமல் நின்றது.

“நீரோட்டம் எதுல இருக்குன்னு சொல்லு, எடுத்துக்கோ. தப்பாச் சொன்னா நீ பாறையாயிடுவே!”

பவளாயி மூன்றையும் உற்றுப் பார்த்தாள், வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் மீன்காரியாயிற்றே! வலை விரிக்குமுன் கடலில் ஒரு பிடி மணலைப் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது அந்தத் துறையின் வழக்கம். அதற்கென்றே முந்தானையில் எப்போதும் மணல் முடிந்திருப்பாள்.

முதல் குடத்தில் மணலைப் போட்டாள். நேரே விழுந்தது. இரண்டாவதில் போட்டாள். நேரே விழுந்தது. மூன்றாவதில் போட்டாள். மணல் சாய்ந்து சாய்ந்து, சங்குத்துறை இருந்த பக்கமாகவே போனது.

“இதுதான்!” என்று குடத்தைப் பாறையில் போட்டு உடைத்தாள்.

நீரோட்டம் குபீரென்று புறப்பட்டது. சுழியப்பனையும் ஊஞ்சலோடு அள்ளிக்கொண்டு போனது. நடுக்கடல் அசைவில் அவனுக்கு நல்ல தூக்கம் வந்ததாம், இன்னும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது கழிமுகத்துத் தண்ணீர் முழுக்கக் கண்கள்! லட்சோபலட்சம் மீன்குஞ்சுகள். ஊர் மொத்தமும் கரையில் நின்று அழுதது, சிரித்தது. குஞ்சுகள் வளரும்வரை கிழங்கைத் தின்று காத்திருந்தார்கள்.

அடுத்த பருவத்தில் பவளாயி வலை விரித்தாள். வலை நிறைந்தது. கூடவே பாறையில் மாட்டிக் கிழிந்தும் போனது.

“கிழிச்சுக்கோ ராசா, எனக்குத்தான் தைக்கத் தெரியுமே!” என்று சொல்லி ஊசியை எடுத்தாள் பவளாயி.