யானை முதுகேறிய ஆள்காட்டிக் குருவி

காட்டுக்கும் மழைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த ஒரு காலத்திலே, ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் மட்டும் வற்றாமல் கிடந்தது.

அந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் முதலில், சிறியவர்கள் கடைசியில். காலையில் யானைகள் இறங்கிக் குளிக்கும். பிறகு காட்டெருமைகள் புரளும். சாணமும் மூத்திரமும் அதிலேயேதான். பொழுது சாயும்போது முயலும் கீரியும் முள்ளம்பன்றியும் வந்து மிச்சத்தைக் குடிக்கும்.

அந்தக் கோடையில் சிறியவர்களின் குட்டிகள் பேதி கண்டு சாக ஆரம்பித்தன. யானைக்கன்று ஒன்றுக்குக்கூடத் தும்மல் வரவில்லை.

குறும்பாயி என்ற முயலுக்கு ஒரு குட்டி போய்விட்டது. மிஞ்சிய குட்டி துள்ளிக்கும் வயிறு போக ஆரம்பித்ததும் அவள் மஞ்சக்காலியிடம் ஓடினாள். மஞ்சக்காலி ஓர் ஆள்காட்டிக் குருவி. எது அசைந்தாலும் கத்திக் காட்டையே கூட்டுவது அந்தக் குருவிகளின் பிறவிக் குணம்.

"அக்கா! என் சத்தம் புல்லைத் தாண்டாது. நீங்கதான் சபையில சொல்லணும்!"

"என்னன்னு சொல்ல, தங்கச்சி?"

"அவங்க குளிக்கிறதுக்கு முன்னாடி எங்க குட்டிங்க குடிக்கட்டும். அவ்வளவுதான்!"

மஞ்சக்காலி நேரே சபைக்குப் பறந்தாள். அங்கே தலைவர் கொம்பனார் என்ற யானை.

"ஐயா! நீங்க குளிச்ச தண்ணியக் குடிச்சுத்தான் குட்டிங்க சாகுது! வரிசைய மாத்துங்க!"

கொம்பனாரின் காது விறைத்தது. "என்னைக் கொலைகாரன்னு சொல்றியா?"

பக்கத்தில் இருந்த கருமந்தி வைத்தியர் தாடியைத் தடவினார். "முயல் வயிறு பிறவியிலேயே மெல்லிசுங்க. அதோட, அதுங்களுக்குச் சுத்தம் பத்தாது. கை காலைக் கழுவிட்டுக் குடிக்கச் சொல்லுங்க!"

"எந்தத் தண்ணியில கழுவறது?" என்றாள் மஞ்சக்காலி.

கொம்பனார் தும்பிக்கையை வீசினார். ஓர் இறகு உதிர, அவள் தப்பி வந்தாள்.

சபையில் இருந்த மயில் பின்னாலேயே வந்து காதில் சொன்னது: "அசடே! குத்தம் சொன்னா யார் கேப்பா? உருக்கமாச் சொல்லு, அழ வை. அந்தக் குளிக்கிற பேச்ச மட்டும் விட்டுடு!"

மஞ்சக்காலிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சபையில் குரலை இறக்கினாள். செத்த குட்டியின் காது எப்படித் துவண்டது என்று சொன்னாள். அதை வாயில் கவ்விக்கொண்டு குறும்பாயி வளையைச் சுற்றிச் சுற்றி வந்ததைச் சொன்னாள். குளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

சபையே விம்மியது. காட்டெருமை மூக்கைச் சிந்தியது. கொம்பனாரின் கண்ணீர் தும்பிக்கை வழியே ஒழுகியது.

"அடடா! அழுததுல மனசே லேசாயிடுச்சு! நாளைக்கும் வந்து சொல்லு. இனிமே உனக்கு இடம் என் முதுகு!"

அன்று சாயங்காலம் குறும்பாயி குளக்கரையில் காத்திருந்தாள். "வரிசை மாறுச்சா அக்கா?"

"மனசு மாறிக்கிட்டு இருக்கு! எல்லாரும் எப்படி அழுதாங்க தெரியுமா! கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். துள்ளி பொறுக்க மாட்டானே!"

மஞ்சக்காலியின் காதில் அது விழாமல் இல்லை. ஆனால் மறுநாளும் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் வாய் வரவில்லை. யானை முதுகு நல்ல உயரம். காற்றும் நன்றாக வந்தது.

துள்ளி செத்துப்போனான்.

அடுத்த சபையில் கொம்பனார் கொட்டாவி விட்டார். "அதே குட்டிதானா? புதுசா எதுவும் இல்லையா?"

"இருக்குங்க ஐயா" என்று மஞ்சக்காலி துள்ளியின் கதையைத் தொடங்கினாள். முன்னைவிட நன்றாக அழுதார்கள்.

கூட்டத்தின் கடைசியில் குறும்பாயி எழுந்து நின்றாள். அவள் கண்ணில் ஈரம் இல்லை.

"நல்லாச் சொல்றீங்க அக்கா. உங்க கதையில எம்புள்ளைங்க ரொம்ப நல்லாச் சாகுதுங்க."

மஞ்சக்காலி யானை முதுகில் எழுந்து நின்றாள். பிறகு பழைய குரலில் கிறீச்சிட்டுக் கத்தினாள்: "குளிக்கிறதுக்கு முன்னாடி குட்டிங்க குடிக்கட்டும்! வரிசைய மாத்துங்க!"

"நல்லாப் போன கதையக் கடைசியில கெடுத்துட்டியே!" என்றது மயில்.

கொம்பனார் முதுகைக் குலுக்கி அவளை உதறினார். "வெயில் ஏறுது. குளிக்கப் போகணும்."

காட்டெருமைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தன. வைத்தியர் போனார். மயிலும் போனது. கொஞ்ச நேரத்தில் குளம் கலங்கும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி..." என்றாள் மஞ்சக்காலி.

"இந்த ஒரு பேச்சுக்குத்தானே அக்கா உங்ககிட்ட வந்தேன்" என்றாள் குறும்பாயி. திரும்பிப் பார்க்காமல் புல்லுக்குள் நடந்து போய்விட்டாள்.

சாவு எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்துவிட்டு அழவைக்கும் பேச்சு, கேட்பவர் நெஞ்சைக் கழுவுமே தவிர, குளத்தைக் கழுவாது.